புதிய தலைவர் முதலில் நடக்கட்டும்

ஒரு மாவட்டத்துக்குப் புது ஆட்சியர் வந்தால் மறுநாள் நாளிதழில் வரும் படத்தை நாம் எல்லோரும் அறிவோம். மேசை மேல் பூங்கொத்து, கையெழுத்திடும் கை, சுற்றி நிற்கும் அலுவலர்கள். படத்துக்குக் கீழே அவர் சொன்ன முன்னுரிமைகள்: குடிநீர், கல்வி, சுகாதாரம், அரசின் திட்டங்கள் கடைக்கோடி மக்களையும் சென்றடைய நடவடிக்கை. ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் அந்தப் பேட்டி எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். குறை அந்த அதிகாரியுடையது அல்ல. வந்து இறங்கிய அன்றே என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு, அவரை அப்படிப் பேச வைப்பவர்கள் நாம்தான். ஒரு நிறுவனத்துக்குப் புதுத் தலைமைச் செயல் அதிகாரி வந்தாலும், பல்கலைக்கழகத்துக்குப் புதுத் துணைவேந்தர் வந்தாலும், ஊராட்சிக்குப் புதுத் தலைவர் வந்தாலும் இதே அவசரம்தான். முதல் 100 நாளில் என்ன சாதித்தார் என்று கணக்குக் கேட்கிறோம்.

இந்த 100 நாள் கணக்கு பரவலானது அமெரிக்காவில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-ல் அதிபரானபோது. அன்று அந்த நாட்டில் வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. வேலையில்லாமல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தெருவில் நின்றார்கள். தீப்பிடித்த வீட்டுக்குள் நுழைந்தவர் ஓடியாடி வேலை செய்ததில் வியப்பில்லை. ஆனால், அந்த நெருக்கடிக்கான அளவுகோலைத் தீப்பிடிக்காத வீடுகளுக்கும் எடுத்துவந்துவிட்டோம். ஒரு பொறுப்புக்குப் புதிதாக வருபவர் முதல் ஓராண்டைப் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் ஒதுக்க வேண்டும். அந்த ஓராண்டை அவருக்குக் கொடுக்க நியமித்தவர்களும் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சேலத்திலும் அதன் தலைக்கு மேல் நிற்கும் சேர்வராயன் மலையிலும் இரு நூற்றாண்டுக் கதையாக அது கிடக்கிறது.

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792-ல் சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகாலும் சேலமும் இருந்தன. அவற்றை நிர்வகிக்க யாரை அனுப்புவது? சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் அதிகாரிகள் நிறையவே இருந்தார்கள். ஆனால், மக்கள் பேசும் மொழி அவர்களுக்குத் தெரியாது. துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களின் வாயையே நம்பியிருந்தார்கள். ஆகவே, தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் அவர்களை ஒதுக்கிவிட்டு, கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார். போரின்போது உளவுத் தகவல் திரட்டிய ரீடுக்கு உள்ளூர் மொழிகளில் பழக்கம் இருந்தது. அவருக்கு உதவியாக மூன்று இளம் அதிகாரிகள்: வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் கிரகாம், நடுவே தருமபுரியில் தாமஸ் மன்றோ, தெற்கே சேலத்தில் மெக்லியாடு.

ரீடு கையில் ஒரு திட்டத்தோடுதான் வந்தார். நிலத்தைப் பல ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, தீர்வையை நிரந்தரமாக முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. காகிதத்தில் அது அழகாகவே இருந்தது. ஆனால், அவரும் அவருடைய ஆட்களும் நிலத்தை அளக்கத் தொடங்கினார்கள். வயல் வயலாக, புஞ்சை நஞ்சை தோட்டம் எனப் பிரித்து அளந்து முடிக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. ஆண்டில் பல மாதங்கள் கூடாரத்தில்தான் வாழ்க்கை. கூடார வாசலில் குடியானவர்கள் கூடுவார்கள். தீர்வை, பாசனம், வரப்புத் தகராறு, கர்ணத்தின் தில்லுமுல்லு எல்லாம் அங்கே வந்து விழும்.

அப்படிக் கேட்டுக்கொண்டே போனபோது ஒன்று தெரிந்தது. ஐந்தாண்டு, பத்தாண்டுக்குக் கட்டுப்படும் நிலையில் குடியானவர் இல்லை. மழை பொய்த்தால் மாடு விற்க வேண்டும். மாடு விற்றால் அடுத்த ஆண்டு பாதி நிலத்தைத்தான் உழ முடியும். இந்த ஆண்டு எவ்வளவு உழுகிறேனோ அவ்வளவுக்குத் தீர்வை வாங்கிக்கொள், மற்றதை விட்டுவிட உரிமை கொடு என்பதே அவர்கள் தேவை. 1796 டிசம்பரில் ரீடு வெளியிட்ட அறிவிப்பு அந்த உரிமையைக் கொடுத்தது. தான் கொண்டுவந்த திட்டத்தை நான்கு ஆண்டுகள் கழித்துத் தானே கைவிட்டார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கம் இதுதான்.

ரீடையோ மன்றோவையோ வள்ளல்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கம்பெனிக்கு வரி வசூலித்துக் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். விதித்த தீர்வையும் கடுமையானது. மன்றோ பின்னர்ப் பணியாற்றிய கடப்பை, பெல்லாரி பகுதியில் தீர்வையை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 1807-ல் அவரே பரிந்துரைத்தார். ஆனால், நோக்கம் எதுவானாலும், ஓர் இடத்தின் பொறுப்பை ஏற்பவர் அந்த இடத்தை எப்படி அறிய வேண்டும் என்பதற்கு அவர்கள் நடந்த நடை இன்றைக்கும் அளவுகோல்தான். சொந்தத் திட்டத்தையே திருத்திக்கொள்ளும் அளவுக்குக் கேட்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம். நாம் நடத்தும் பெரும்பாலான கருத்துக்கேட்புக் கூட்டங்களில் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

ரீடு போனபின் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1802-ல் வங்காளத்தைப் பின்பற்றிச் சென்னை மாகாணத்திலும் நிரந்தரத் தீர்வைச் சட்டம் வந்தது. சேலம், பாராமகால் நிலங்கள் மிட்டாக்கள் எனும் சிறு ஜமீன்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. பழைய அளவையில் கண்ட உயர்ந்த தீர்வையையே அடிப்படையாகக் கொண்டார்கள். ஆனால், கெட்ட ஆண்டில் நிலத்தை விட்டுவிடலாம் என்ற உரிமையை எடுத்துவிட்டார்கள். எந்த நிபந்தனையோடு அந்த வரி தாங்கக்கூடியதாக இருந்ததோ அந்த நிபந்தனை போய்விட்டது. சில ஆண்டுகளுக்குள் பல மிட்டாதாரர்கள் கட்ட முடியாமல் நொடித்தார்கள். மிட்டாக்கள் அரசிடமே திரும்பி வந்தன. முன்னவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்காமல் பின்னவர் கலைத்துப்போட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு நம் பகுதி வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. இன்றும் புதிதாக வருபவர் முதலில் செய்வது முன்னவரின் திட்டத்துக்குப் பெயர் மாற்றுவது அல்லது நிதியை நிறுத்துவது. முன்னவர் விட்டுச்சென்றதில் மோசமானதும் இருக்கும், காரணத்தோடு செய்ததும் இருக்கும். எது எதுவென்று ஒரு மாதத்தில் தெரியாது.

இனி மலைக்கு வருவோம். 1820-ல் சேலத்துக்கு ஆட்சியராக வந்த எம்.டி. காக்பர்ன் 1829 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த மலை மேல் உள்ள ஏற்காட்டில் காப்பியும் பழ மரங்களும் நட்டுப் பார்த்தவர் அவர்; கிரேஞ்ச் தோட்டம் அவர் பெயரோடு சேர்ந்தது. ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். (பின்னாளில் சென்னை ஆளுநரான அதே மன்றோ 1842-ல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் கையேடுகளிலும் இணையத்திலும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மன்றோ 1827 ஜூலையிலேயே காலரா கண்டு இறந்துவிட்டார். அதோடு, சேர்வராயனைக் கும்பிட்டுக்கொண்டு மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையை யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.)

காக்பர்ன் விஷயத்தில் நான் கவனிப்பது அந்த ஒன்பது ஆண்டுகளை. காப்பிச் செடி நட்டால் முதல் காய்ப்பைப் பார்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஒன்றரை ஆண்டில் மாறுதல் வரும் என்று தெரிந்தவர் காப்பி நடமாட்டார். அவர் நடுவது கோடை விழாவுக்குப் பூக்கும் பூச்செடியைத்தான். பதவியில் எவ்வளவு காலம் இருப்போம் என்பது ஒருவர் எதைத் தொடங்குகிறார் என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

சேலத்தின் முதல் பெண் ஆட்சியராக ரோகிணி 2017 ஆகஸ்டில் பொறுப்பேற்றபோது, அவருக்கு முன்பு 170 ஆண்கள் அந்த நாற்காலியில் இருந்ததாக நாளிதழ்கள் எழுதின. எல்லோரும் அதைப் பெண்ணுரிமைச் செய்தியாகப் படித்தோம், சரிதான். ஆனால், அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1792-லிருந்து கணக்கிட்டாலும் ஒருவருக்குச் சராசரியாக ஒன்றேகால் ஆண்டுக்குச் சற்று மேல்தான் வருகிறது. தற்காலிகப் பொறுப்பில் இருந்தவர்களும் அந்த எண்ணிக்கையில் இருக்கலாம். இருந்தாலும் படம் மாறாது. காக்பர்னின் ஒன்பது ஆண்டுகள் விதிவிலக்கு.

மலை வேலையில் தவறு உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்குப் புது மேலாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில்வர் ஓக்கும் பலாவும் அடர்ந்து நிழல் கனமாக இருக்கிறது, மகசூல் குறைவு. வெளிச்சம் விழுந்தால் காய்ப்புக் கூடும் என்று கணக்குப் போட்டு, நிழல் மரக் கிளைகளை ஒரேயடியாகக் கழிக்கச் சொல்கிறார். அடுத்த பருவத்தில் காய் கொஞ்சம் கூடவும் செய்யலாம். முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால், அரபிகா செடிக்கு எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு. வெயில் படும் தண்டுதான் அதற்குப் பிடித்த இடம். சொரசொரப்பான பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். பொரிந்த புழு தண்டுக்குள் புகுந்து மாதக்கணக்கில் தின்றுகொண்டே இருக்கும். வெளியே தெரிவதெல்லாம் தண்டில் வரிவரியாக எழும் மேடும் மஞ்சளிக்கும் இலையும்தான். தெரியும்போது செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. அதற்குள் நிழலைக் கழித்த மேலாளர் நல்ல பெயரோடு வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார். பிடுங்கிய குழியில் புதுக் கன்று வைத்து மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருப்பது அடுத்து வந்தவரின் பாடு.

எந்தச் சரிவில் மாலை வெயில் நேராக விழும், எங்கே பூ மழை முந்தும், எந்தத் துண்டில் பூச்சி அடிக்கடி வரும் என்பதெல்லாம் அந்தத் தோட்டத்தின் மேஸ்திரிக்குத் தெரியும். தேங்காய் மட்டையால் தண்டின் பட்டையைத் தேய்த்துவிடும் பெண்களுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஒரு பூ மழையும் ஒரு பழ அறுவடையும் முடியும்வரை அவர்களோடு நடக்காத மேலாளருக்கு அந்தத் தோட்டம் தெரியாது. பதிவேட்டில் இருப்பது பரப்பும் கிலோவும் மட்டும்.

பெரிய நிறுவனங்களிலும் இதே கதைதான். லூ கெர்ஸ்ட்னர் 1993 ஏப்ரலில் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் தலைவரானபோது அது நூற்றுக்கணக்கான கோடி டாலர் நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதைப் பல துண்டுகளாகப் பிரித்துவிடும் திட்டம் மேசையில் தயாராக இருந்தது. அவர் அதை உடனே ஏற்கவில்லை. மேலதிகாரிகளை வாடிக்கையாளர்களிடம் நேரில் போய்க் கேட்டுவரச் சொன்னார், தானும் போனார். ஒரே இடத்தில் எல்லாச் சேவையும் கிடைப்பதுதான் வாடிக்கையாளருக்கு வேண்டும் என்று புரிந்தது. நிறுவனம் உடையாமல் தப்பியது. மறுபுறம் ஜேசி பென்னி என்ற பல்பொருள் அங்காடி. ஆப்பிள் கடைகளை உருவாக்கிப் புகழ்பெற்ற ரான் ஜான்சன் 2011 நவம்பரில் அதற்குத் தலைவராக வந்தார். சில மாதங்களுக்குள், ஒரு கடையில்கூடச் சோதித்துப் பார்க்காமல், தள்ளுபடிக் கூப்பன்களை ஒழித்துவிட்டார். அந்தக் கூப்பனைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வருவதே அந்தக் கடை வாடிக்கையாளரின் பழக்கம். 2012-ல் விற்பனை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார். ஆப்பிளில் சரியாக இருந்தது இங்கேயும் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு வந்தவர் அவர். போன இடத்தில் வெற்றி கண்டவர்கள்தான் புதிய இடத்தில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் ஓராண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? கூடாது. கெர்ஸ்ட்னரே சில மாதங்களுக்குள் பல்லாயிரம் பேரை வேலையிலிருந்து எடுத்தார், பணம் தீர்ந்துகொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பாறை சரிந்தால் அன்றிரவே ஆட்சியர் முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனையில் மருந்து இல்லை, விடுதியில் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை, யாரோ லஞ்சம் கேட்கிறார் என்றால் ஆய்வு செய்துகொண்டிருக்க முடியாது. உயிரும் நேர்மையும் சம்பந்தப்பட்டதில் முதல் நாளே நடவடிக்கை வேண்டும். நான் பொறுக்கச் சொல்வது திசையை மாற்றும் முடிவுகளை: புதுச் சாலை, புதுப் பூங்கா, புதுப் பயிர், பழைய திட்டத்தின் ரத்து, அலுவலகத்தின் மறுசீரமைப்பு. இவற்றில் பலவற்றை எளிதில் திரும்பப் பெற முடியாது.

கேட்பதற்கான வழிகள் நம் நிர்வாகத்திலேயே இருக்கின்றன. ஆண்டுதோறும் வட்டம் வட்டமாக நடக்கும் ஜமாபந்தி, ரீடும் மன்றோவும் தொடங்கிய வருடாந்திரத் தீர்வையின் வாரிசுதான். இன்று அது பல இடங்களில் அடங்கலும் அ-பதிவேடும் சரிபார்த்து, மனு வாங்கி, நலத்திட்ட உதவி கொடுத்துப் படம் எடுக்கும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. புது ஆட்சியர் தன் முதல் ஆண்டில் ஏற்காடு ஜமாபந்தியில் தானே உட்கார்ந்து, ஒவ்வொரு கிராமக் கணக்கையும் அந்த ஊர்க்காரர் முன்னிலையில் படிக்கச் சொன்னால், எந்தப் பட்டா எந்தத் தோட்டத்தின் எல்லையோடு மோதுகிறது, எந்தப் பழங்குடிக் குடும்பம் பயிர் செய்யும் நிலம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று அவருக்குத் தெரியவரும்.

2024 ஜனவரியில் தமிழக அரசு தொடங்கிய ‘உங்களைத் தேடி, உங்கள் ஊரில்’ திட்டம் நல்ல திட்டம். மாதம் ஒரு வட்டத்தில் ஆட்சியர் ஒரு முழு நாள் தங்க வேண்டும் என்பது ரீடின் கூடாரத்தை நினைவூட்டுகிறது. ஆனால், சேலம் மாவட்டத்தில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வட்டங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிவரவே ஓராண்டு தாண்டிவிடும். ஒன்றேகால் ஆண்டில் மாறிப்போகும் ஆட்சியர் ஏற்காட்டைப் பார்ப்பது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளும் ஏரிக்கரையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கழிந்துவிட்டால், நாகலூரும் மாரமங்கலமும் வாழவந்தியும் அவருக்குக் கோப்பில் உள்ள பெயர்களாகவே இருக்கும். மலையாளி மக்களின் ஊர்களில் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று அவர்களே வைத்துக்கொண்ட அமைப்பு இருக்கிறது. அவர்களிடம் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதற்கும், அவர்கள் ஊர்த் திண்ணைக்குப் போய் உட்காருவதற்கும் உள்ள வேறுபாடு, கிடைக்கும் பதிலில் தெரியும்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. இப்படி இடைவெளி விட்டுப் பொறுப்புக்கு வரும் தலைவருக்கு, முன்னவர் என்ன செய்தார், எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வேலைக்குப் பணம் பாக்கி என்று சொல்ல ஆள் இருக்காது. உறுப்பினர்கள் எல்லோரும் புதியவர்களாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவருக்குக் கைகொடுக்கக்கூடியவர்கள் இருவர்தான்: ஊராட்சிச் செயலரும், மேல்நிலைத் தொட்டியைத் திறந்து மூடும் ஆப்பரேட்டரும். பதவியேற்றவுடன் முதலில் அவர்களோடு ஊரைச் சுற்றட்டும்.

எழுதி வைக்கும் பழக்கமும் போய்விட்டது. ரீடின் ஆட்கள் எழுதிய பாராமகால் ஆவணங்களை இன்றும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். சேலம் மாவட்டத்துக்கு 1883-ல் லெ ஃபனு ஒரு கையேடும், 1918-ல் ரிச்சர்ட்ஸ் ஒரு கெசட்டியரும் எழுதினார்கள். இன்று பொறுப்பு ஒப்படைப்பு என்பது ஒரு படிவத்தில் இரண்டு கையெழுத்து. போகிறவர் பத்துப் பக்கமாவது எழுத வேண்டும்: எதைத் தொடங்கினேன், எதை ஏன் செய்யாமல் விட்டேன், யார் சொன்னதை நம்பலாம், எந்த வாக்குறுதி பாக்கி இருக்கிறது. வருகிறவர் அதைப் படித்த பிறகே முதல் ஆணையில் கையெழுத்திட வேண்டும். இதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை. அரசு ஓர் உத்தரவு போட்டால் போதும்.

இத்தனையும் அதிகாரி ஒருவரின் நல்ல மனதை மட்டும் நம்பி நடக்காது. உச்ச நீதிமன்றம் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013 அக்டோபர் 31-ல் அளித்த தீர்ப்பில், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், மாறுதல்களைப் பரிசீலிக்கக் குடிமைப் பணி வாரியம் வேண்டும் என்று சொன்னது. 2014-ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, ஐஏஎஸ் அதிகாரிகளுக்கு ஒரு பொறுப்பில் பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டு என்று வகுத்தது. அந்த இரண்டு ஆண்டையாவது தமிழக அரசு ஒவ்வோர் ஆட்சியருக்கும் உறுதியாகக் கொடுக்க வேண்டும். ஏற்காடு போன்ற மலை வட்டங்கள் உள்ள மாவட்டங்களுக்கு மூன்றாக்க வேண்டும். இரண்டு ஆண்டு நிறைவதற்குள் ஒருவரை மாற்ற நேர்ந்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் மக்களுக்கு வெளியிட வேண்டும்.